அரைக்கால் அங்குலம்

தம்பி,

தந்தி கிடைத்ததாக எழுதியிருந்தாய். "பரிசம் முடிந்தது, தையில் கல்யாணம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க உன் அப்பாவால் முடியவில்லை. மாப்பிள்ளை பரிசத்துக்கு வரக்கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம் என்பதால் நீ கொழும்பில் உட்கார்ந்து நகம் கடித்திருப்பாய். உன் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய்: மாமாவும் அப்பாவும் பேசினார்களா? பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று சொன்னால் நம்பமாட்டாய், அதனால் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கூடம் விடுமுறை. மார்கழிப் பனி வாசலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பலகாரத்துக்கு இடித்த மாவு காயாமல் உயிரை வாங்குகிறது, அடுப்புத் தணலில் வைத்துவிட்டு எழுதுகிறேன். எட்டு வருடம் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்ற உன் அம்மாவுக்கு இப்போதுதான் உட்காரக் கிடைத்தது. இதை உனக்குப் பேசி முடித்த கமலா படிக்கட்டும், உன் அறையில் இருக்கிற பையன்கள் படிக்கட்டும், கல்யாணம் ஆகப்போகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஊரே பார்த்த கூத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது.

நானும் உன் மாமாவும் ஹட்டன் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்கள். படுத்தால் ரயில், எழுந்தால் ரயில். எனக்கு அது சத்தம், அண்ணனுக்கு அது அளவு. பிளாட்பாரத்தைக் காலடி வைத்து அளப்பார், சிக்னல் கம்பத்தின் நிழலை அளப்பார், சோற்றுத் தட்டில் அப்பளத்தைக்கூட விரலால் அளந்துவிட்டு என்னுடையது பெரிது என்று முறைப்பார். கதவு நிலையில் தன் உயரத்துக்கு மாதாமாதம் பென்சிலால் கோடு போடுவார். எனக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயதிருக்கும். அவர் போட்ட கோட்டை அழித்துவிட்டு ஒரு நூல் மேலே புதிதாகப் போட்டு வைப்பேன். அடுத்த மாதம் வந்து நின்று பார்த்தவர், தான் குள்ளமாகிக்கொண்டு வருவதாக முடிவு கட்டி மழைக்காலம் முழுவதும் பச்சை முட்டை குடித்தார். உண்மை தெரிந்தபோது அடிக்க வரவில்லை. "எவ்வளவு மேல போட்ட, சரியாச் சொல்லு" என்றுதான் கேட்டார். அந்த மனிதர்தான் உனக்கு மாமனாராக வரப்போகிறார், தெரிந்துகொள்.

ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை கிடைத்த பிறகு அந்தப் பைத்தியம் மேசை மேல் ஏறியது. உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையை வாங்கிவந்து, ஹட்டன் ஸ்டேஷனையும் அங்கிருந்து கொட்டகலைக்குப் போகும் பாதையையும் குட்டியாகச் செய்ய ஆரம்பித்தார். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாள் கூரைத் தகரமானது. தீக்குச்சிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டு சிலிப்பர் கட்டைகளாயின. பித்தளைக் கம்பி தண்டவாளமானது. சிங்கமலைச் சுரங்கத்துக்கு உள்ளே, யார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில்கூடக் கரிப்புகை பூசினார். "உள்ள யாருண்ணே பாக்கப் போறா?" என்றால், "ரயிலு பாக்கும்ல" என்பார். நிஜத்தில் ஓரடி என்றால் மேசையில் கால் அங்குலம், இதுதான் அவருடைய வேதம். இந்த நாட்டுத் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம். அந்தக் கணக்குக்கு மேசையில் ஒன்றேகால் அங்குலம் போதாது, அதற்கு மேல் இன்னும் ஓர் அரைக்கால் அங்குலம், அதாவது காலில் பாதி, வேண்டும். சீமையில் செய்கிற பொம்மை ரயில்களோ ஒன்றேகால் அங்குலத்தோடு சரி. அந்த அரைக்காலை விட்டுக்கொடுத்தால் கடையில் விற்கிற சக்கரத்தையும் தண்டவாளத்தையும் அப்படியே போட்டுக்கொள்ளலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அப்ப அது சீமை ரயிலு, நம்ம ரயிலு இல்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையாலேயே அரம் போட்டுச் செய்தார். எல்லாம் சரியாக அமைந்தது, எஞ்சினுக்குத் தானாக ஓடத்தான் தெரியவில்லை. மேசைக்கடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் நூல் இழுக்கும், ரயில் நகரும். சுற்றுவது பெரும்பாலும் உன் அத்தை.

உன் அப்பா வேறு கிரேடு. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் சத்தத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, அலமாரியைத் திறந்து தகரப் பொம்மை ரயில்களைப் பார்த்தபடி டீ குடிப்பவர். சுதந்திரம் கிடைத்த பிறகு வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகப் பங்களாவைக் காலிசெய்து கப்பலேறினார்கள் அல்லவா, அவர்கள் விட்டுப்போன சாமான்களில் மற்றவர்கள் நாற்காலியும் கம்பளியும் தேடினார்கள், உன் அப்பா ரயில் தேடினார். பூண்டுலோயாவில் ஒரு பங்களா காலியாகிறது என்றால் பஸ் ஏறிவிடுவார். அக்கரப்பத்தனைக்கு மழையில் நடந்தே போய், ஒரு சக்கரம் இல்லாத ரயில் பெட்டி ஒன்றைத் தோள் துண்டில் சுற்றிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். ஆனால் முதலில் வந்ததும் கடைசிவரை ராஜாவாக இருந்ததும் அந்தச் சிவப்பு எஞ்சின்தான். அதன் கதை உனக்குத் தெரியும். கமலாவுக்கும் தெரியும் என்பது எனக்குப் பரிசத்தன்றுதான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். உன் அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை. பெரிய பங்களாவின் வேலிக்கு வெளியே நின்று, துரை மகன் அந்த எஞ்சினை வாசல் படியில் ஓடவிட்டு விளையாடியதைப் பார்த்தவர். ஒருநாள் அந்தப் பையன் அதைப் படியில் வைத்து அழுத்தித் தேய்த்தான். "கீறல் விழுந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு" என்பார். இருபது வருடம் கழித்து அந்தத் துரை போனபோது பங்களாச் சமையல்காரர் மூலமாக அது இவர் கைக்கு வந்தது. வந்ததும் முதலில் தேடியது முறுக்கி ஓடவிடும் சாவியை அல்ல, கீறலை.

மச்சானும் மாப்பிள்ளையும் இப்படி அமைந்தது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஸ்டாஃப் கிளப்பில் ரயில் பைத்தியங்கள் எல்லாம் கூடும். இவர்கள் இரண்டு பேர், டிஸ்பென்சர் ஐயா, என்னோடு படிப்பித்த சூசை மாஸ்டர், தபால் கந்தோர் ஆள் ஒருவர். யாரும் சண்டை போடாமலே கொஞ்ச நாளில் கட்சி பிரிந்துவிட்டது. பெயர் வைத்தது நான்: உன் மாமா பக்கம் அளவுக்காரர்கள், உன் அப்பா பக்கம் அழகுக்காரர்கள். டிஸ்பென்சர் ஐயா அளவுக்காரர், மருந்து ஊற்றும்போது தவிர. சூசை மாஸ்டர் அழகுக்காரர். தபால்காரர் அன்றைக்கு யார் டீ வாங்கித்தருகிறாரோ அவர் பக்கம். அவர்கள் பேச்சைக் கேட்டால் நாட்டில் வேறு பிரச்சினையே இல்லை என்று தோன்றும்.

"பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கிறது ரயிலா மாப்ள? ரயிலுன்னா ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போகணும்."

"ஒங்க ரயிலு மட்டும் எங்க போகுது மச்சான்? மேசை முடியிற எடத்துல நிக்கத்தானே செய்யுது."

"அது நிக்கிற எடம் கொட்டகலை. ஒங்கள்து நிக்கிற எடம் அலமாரி."

"அலமாரியில நிக்கிறதுக்கு ஒங்க சம்சாரம் நூலு புடிச்சி இழுக்க வேண்டியதில்ல மச்சான்."

சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் மற்றவர் செய்வது கொஞ்சம் கேவலமாகப் பட்டது, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். இந்த மலையில் நிஜமாக ஏறி இறங்குகிற ரயிலைக் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அண்ணனுக்கு. அதில் ஒரு நூல் பிசகினாலும் அது பொய். உன் அப்பாவுக்கு நிஜ ரயிலைப் பற்றிக் கவலையே இல்லை, நிஜ ரயில் வேண்டுமானால் ஸ்டேஷனுக்குப் போனால் போகிறது. ஒரு பிள்ளை கையில் இருந்த சாமான் அந்தப் பிள்ளை விட்ட கோலத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருக்கு. அதைத் துடைத்தால் பொய், பெயின்ட் அடித்தால் பெரிய பொய். ஒருவருக்குப் பொய்யாக இருப்பதுதான் மற்றவருக்கு மெய். இப்படி இரண்டு பேரை ஒரே கிளப்பில் விடலாம், ஒரே மேசையில் விடக்கூடாது. விட்டோம்.

ஒரு தைப்பொங்கலுக்கு லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அண்ணன் மேசையைக் கிளப்பில் போட்டார். அந்த மேசையைப் போல அழகான சாமானை நான் இதுவரை பார்த்ததில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரயில் புறப்பட்டு, மலை ஏற்றம் என்பதால் மெதுவாக ஊர்ந்து, எதிர் ரயிலுக்கு வழிவிட வேண்டும் என்று கொட்டகலையில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எதிர் ரயில் என்று ஒன்று மேசையில் கிடையாது. "நெசத்துல இவ்வளவு நேரம் நிக்கும்" என்று அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு சிறுமி என் சேலையை இழுத்து, "டீச்சர், ரயிலு தூங்கிருச்சா?" என்றாள். பிள்ளைகளின் கண்ணெல்லாம் உன் அப்பா மடியில் இருந்த சிவப்பு எஞ்சின் மேல் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். "ஒரு சுத்து விடுங்களேன், பிள்ளைங்க பாக்கட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான்தான் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் சாவி திருகியாகிவிட்டது. அரைக்கால் அங்குலம் குறைவான சக்கரம் எத்தனை தூரம் தாக்குப்பிடிக்கும்? ஒரு பக்கத் தண்டவாளத்தில் சாய்ந்தபடியே கொஞ்சம் ஓடி, பாலத்துக்குப் போகிற வளைவில் இடையில் விழுந்தது. விழுந்தும் உள்ளே முறுக்கிய வில் அடங்கவில்லை. சக்கரம் சுற்றச் சுற்றத் தீக்குச்சிகள் பறந்தன, பித்தளைக் கம்பி சுருண்டது, பாலம் கீழே போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பிடித்தது அதுதான்.

சண்டை அப்போது வரவில்லை. அதுதான் வேடிக்கை. அண்ணன் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினார், உன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். எஞ்சினிலும் வில் கழன்றிருந்தது. "குடுங்க மாப்ள, நான் மாட்டித் தர்றேன்" என்று அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். உடைத்தவருடைய சாமானை உடைபட்டவர் திருத்திக் கொடுப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இரண்டு வாரம் கழித்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் ஒரு துணியை விலக்கினார். அதன் அடியில் கறுப்பாக ஓர் எஞ்சின். பக்கத்தில் நம்பர் எழுதி, புகைபோக்கியை உயர்த்தி, சக்கரங்களை அரைக்கால் அங்குலம் அகட்டி, கீறலை மக்கு வைத்து அடைத்து, நம் லைனில் ஓடுகிற எஞ்சின் மாதிரியே செய்து வைத்திருந்தார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மரியாதையை அந்தப் பொம்மைக்குச் செய்துவிட்டார் அவர்.

உன் அப்பா நெடுநேரம் பார்த்தார். "இது யாரு வீட்டு எஞ்சின் மச்சான்?"

"ஒங்களதுதான் மாப்ள. இப்பத்தான் எஞ்சின். இதுக்கு முந்தி பொம்மை."

"எனக்கு அந்தப் பொம்மைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தார். எஞ்சின் அங்கேயே நின்றது. அத்தோடு எட்டு வருடம்.

எட்டு வருடம் என்று எழுதுவது லேசு. உன் அப்பா ஹட்டன் டவுனுக்குப் போனால் ஸ்டேஷன் பக்கம் தலைவைக்க மாட்டார். வரவேண்டிய பார்சலைக்கூட வேறு ஆளை விட்டு எடுப்பார். தீபாவளிப் பலகாரத்தை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் வந்தேன். "மாப்ளக்கு இருமல் எப்படி?" என்று அங்கே கேட்பார், "ஒங்கண்ணன் பிரமோசன் என்னாச்சு?" என்று இங்கே கேட்பார். என்னை இரண்டு பேரும் தந்திக்கம்பியாக்கிவிட்டார்கள், நான் நடுவில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சிரிப்பு. அதனால் எதற்கெடுத்தாலும் ஒரு கேலி செய்தேன். கடைசி வருடத்தில் ஒருமுறை உன் அப்பாவின் அலமாரியில் "அடுத்த ரயில் எட்டு வருடம் தாமதம்" என்று அட்டை எழுதி ஒட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். சிரிக்க வைத்தால் வலி போய்விடும் என்று நினைத்திருந்தவள் நான். வலிக்கிற இடத்தில் கிச்சுகிச்சு மூட்டினால் இன்னும்தான் வலிக்கும். உனக்கும் என் வாய்தான் வந்திருக்கிறது. கமலாவிடம் அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்.

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். முறைப்பெண்தான், ஊரே எதிர்பார்த்ததுதான், உங்களுக்கும் ஆசைதான். ஆனால் பரிசத்தில் பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் நேருக்கு நேர் நின்று தட்டு மாற்ற வேண்டும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் கை நீட்ட நம் வழக்கத்தில் இடமில்லை. "பொண்ணு நல்ல பொண்ணு. அந்த வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டேன்" என்றார் உன் அப்பா. "பையன் தங்கம். அவரு வந்து மூஞ்சத் திருப்புனா என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்" என்றார் உன் மாமா. நம் பக்கத்து மூத்த கங்காணியைக் கேட்டால், "கை மாறாம கல்யாணம் இல்ல தாயி" என்று முடித்துவிட்டார். நீ அப்போது அப்பாவுக்கு எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில், "போய்த் தட்டை மாத்திட்டு வந்துருவோம். பேசச் சொல்லக்கூடாது" என்றார். அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்ததே உனக்காக. எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. பேசாமல் மாற்றிய தட்டில் எத்தனை நாள் சோறு தங்கும்?

கார்த்திகை முடிகிற நேரம், அன்றைக்கு ஹட்டனில் சரியான பனி. ரயில்வே குவாட்டர்ஸ் முன்கூடத்தில் பாய் விரித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் குத்துவிளக்கு. நம் தட்டில் சேலை, தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு. உன் மாமா உள்ளேயிருந்து அவர்கள் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெற்றிலை, பழத்துக்கு நடுவில் மஞ்சள் துணி போட்டு ஏதோ மூடியிருந்தது. கங்காணி ஐயா "மாத்துங்க" என்றார். உன் மாமா தட்டைத் தூக்கவில்லை. துணியை எடுத்தார்.

சிவப்பு எஞ்சின். பளபளவென்று, நேற்றுப் பிறந்த மாதிரி. நம்பரைக் காணோம், புகைபோக்கி பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது. என் அண்ணன் மறுபடியும் அதே தப்பைச் செய்திருந்தார் தம்பி. கறுப்பை அடித்ததற்குப் பரிகாரமாகச் சிவப்பை அடித்திருந்தார். அளவுக்காரர் ஒருவருக்குத்தான் இப்படிப் புத்தி போகும்: இருந்த நிறத்தைத் திருப்பி அடித்தால் இருந்தபடி ஆகிவிடும் என்று. பெயின்ட் அடித்தது எதுவும் உன் அப்பாவின் அலமாரிக்குள் நுழைந்ததே கிடையாது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்து அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். அறைக் கதவுக்குப் பின்னால் கமலாவின் வளையல் மட்டும் கேட்டது.

அப்பா எஞ்சினைக் கையில் எடுத்தார். கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தார். உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "அரைக்கால் அங்குலம் உள்ள தள்ளிட்டேன் மாப்ள. பழைய அளவுதான்" என்றார். அப்பா அதைத் திருப்பி, பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் நின்றது. விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். புதுச் சிவப்புக்கு நடுவில் பெயின்ட் படாமல், தகரம் தெரிய, ஒரு கோணல் கோடு.

"இது அந்தப் பையன் போட்ட கீறலா, நீங்க போட்டதா?"

எட்டு வருடத்துக்குப் பிறகு உன் அப்பா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. உன் மாமா நிமிர்ந்தார். முகத்தில் ஒரு கோபமே வந்துவிட்டது. "நான் போட்டா நேரா போட்டிருப்பேன் மாப்ள."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்துதான் சத்தம் வந்தது என்று நினைக்கிறேன். அப்பா சிரிக்கவில்லை. கீறல் மேல் விரலை வைத்தபடியே இருந்தார். உன் மாமாதான் தொடர்ந்தார், "மக்கு வச்சு அடைச்சிருந்தேன். ஊசியால தோண்டி எடுத்தேன். கீழ தகரத்துல அப்பிடியேதான் இருந்துச்சு. அது பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போகல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க பாத்த கதைய கமலா சொன்ன பொறவுதான் எனக்குத் தெரியும். முந்தியே சொல்லியிருக்கலாமே மாப்ள, நான் ஏன் அடைக்கப்போறேன்." கமலாவுக்கு யார் சொன்னது என்று கூடத்தில் இருந்த எல்லாரும் யோசித்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு பேச்சு மாற்றியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

"சாவி?" என்றார் அப்பா. மாமா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முறுக்கிப் பாயில் விட்டதும் அது கோணலாக ஓடி, நம் தட்டில் முட்டி, பாக்கெல்லாம் கூடம் முழுக்க உருண்டது. "வலது பக்கம் இழுக்குது மச்சான்." "பாயி மேடுபள்ளம் மாப்ள, சிமெந்துல விட்டுப் பாருங்க." பாயைச் சுருட்டச் சொல்லி இரண்டு பேரும் எழுந்தே விட்டார்கள். கங்காணி ஐயா இருமி இருமிப் பார்த்துவிட்டு, "ஐயாமாரே, நல்ல நேரம் போகுது. தட்டை மாத்துறீங்களா, இல்ல ரயிலுக்குத்தான் பரிசமா?" என்றார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. சண்டை போட்டபடியே தட்டை மாற்றினார்கள். நான் பாக்குப் பொறுக்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எஞ்சின் அவர் மடியில் இருந்தது. வெகுதூரம் வந்தபிறகு, "செவப்பு சரியில்ல. பழசு இவ்வளவு அடர்த்தியில்ல" என்றார். "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "எதுக்கு" என்றார். மறுவாரம் அண்ணனைப் பார்த்தபோது அவர் தனியாக என்னிடம், "என்ன இருந்தாலும் அது பொம்மைதான் தங்கச்சி. சக்கரத்தைத் திருப்பி உள்ள தள்ளுறப்ப எனக்குக் கையே வரல" என்றார். அதையும் அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. பார், இரண்டு பேரும் கட்சி மாறவே இல்லை. அன்றைக்கு நான் களைப்போடு தெரிந்துகொண்டது இவ்வளவுதான் தம்பி. ஒருவரை ஒருவர் மாற்றப் பார்த்து எட்டு வருடம் போனது. மாறாமலே ஒருவருக்காக ஒருவர் கை வராத வேலை ஒன்றைச் செய்தபோது அரைமணியில் முடிந்தது. கமலா அளவுக்காரர் மகள், நீ அழகுக்காரர் மகன். வீட்டில் உப்பு முதல் பிள்ளை வளர்ப்பு வரை உங்களுக்குள் அந்த அரைக்கால் அங்குலம் இருக்கத்தான் செய்யும். அதை ஒழித்துவிடலாம் என்று கங்கணம் கட்டாதே. இரண்டையும் ஒரே மேசையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று என்னை மாதிரி ஊர் முன்னால் வாயைக் கொடுக்காதே. அவளுக்கு எது கீறல், எது அழுக்கு என்று கேட்டுவிட்டு அப்புறம் துடை.

கடைசியாக ஒரு ரகசியம். இந்தக் கடிதத்தில் ஒளிக்க வேண்டியது இது ஒன்றுதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாணப் பரிசாக உங்கள் வீட்டுக்கு உன் மாமா ஒரு மேசை செய்துகொண்டிருக்கிறார். ஹட்டனிலிருந்து கொட்டகலை வரை, சுரங்கமும் புதுப் பாலமும் சேர்த்து, அதே அகலத்தில், அந்த அரைக்காலை விடாமல். உன் அப்பா நேற்று அலமாரியைத் திறந்து, சிவப்பு எஞ்சினை அதன் பழைய அட்டைப்பெட்டியில் வைத்து உன் பெயரை எழுதிக் கட்டியிருக்கிறார். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியும், பொருந்தாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். மேசையில் அந்த எஞ்சின் ஓடாது. இரண்டையும் வாங்கிக்கொள். அகலமான ஒரு சுவர் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஓடுமா என்று மட்டும் யாரையும் கேட்காதே.

மாவு கருகுகிற வாசனை வருகிறது, எழுந்து போகிறேன்.

உன் அம்மா